"குடும்பத் திட்டம்" என்று சொல்லி 46,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள்: கொழும்பில் கேம் கன்சோல் வைத்திருக்கும் பெற்றோர் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறவிட்டால் "போனது போகட்டும்" என்று சொல்லி என் வாயை அடைக்க வீட்டில் ஆள் இருக்கிறது. போனது 46,500 ரூபாய். அது சும்மா போகட்டும் என்று விடுகிற தொகை எங்கள் வீட்டில் இல்லை.

கடையின் பெயரை எழுதமாட்டேன். எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லியிருக்கிறார். காலி வீதியில், மாடிக் கட்டடம் ஒன்றுக்குள், கைத்தொலைபேசி உறைகளும் கேம் கன்சோல்களும் விற்கும் கடை என்பது போதும். அப்படிப்பட்ட கடைகள் அந்தப் பக்கம் ஏராளம். எல்லோரையும் நான் சொல்லவில்லை. ஆன்லைன் மெம்பர்ஷிப்பையும் டிஜிட்டல் கேம்களையும் குடும்பத்துக்குள் முறையாக எப்படிப் பகிர்வது என்பதைக் கடைசியில் விளக்குகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச், கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டில் இன்னொன்று. இரண்டும் மைத்துனர் தோஹாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தவை. எனக்கு இரண்டு பிள்ளைகள், தங்கைக்கு இரண்டு. ரொறன்ரோவில் அண்ணாவின் பிள்ளைகளிடமும் அதே கன்சோல் இருப்பதால், விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து மரியோ கார்ட் என்ற பந்தய கேமை ஓட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். இணையவழியாக அப்படிச் சேர்ந்து விளையாட வேண்டுமானால் நிண்டெண்டோவுக்குச் சந்தா கட்ட வேண்டும். இலங்கைக்கென்று அவர்களுடைய இணையக் கடை இல்லை. ஆகவே இங்கே பலர் அமெரிக்கக் கணக்கு ஒன்றைத் திறந்து, அமெரிக்கப் பரிசு அட்டையின் எண்ணை யாரிடமாவது வாங்கிப் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். குடுமி கடைக்காரர் கையில் போவது இப்படித்தான்.

கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நல்ல தமிழ், நல்ல பணிவு. மகனிடம் எந்தப் பாடசாலை, எத்தனையாம் ஆண்டு என்று விசாரித்தான். மகளின் கையிலிருந்த கன்சோலை வாங்கி, திரையில் கீறல் விழுந்து கிடந்த பழைய தாளை நகத்தால் நுனி கிளப்பி உரித்தான். மூலையில் அகப்பட்டிருந்த தூசியை ஒட்டுநாடாத் துண்டொன்றால் ஒற்றி ஒற்றி எடுத்தான். பிறகு புதுக் கண்ணாடித் தாள் ஒன்றை ஒரு குமிழி இல்லாமல் ஒட்டி, தன் சட்டை நுனியால் துடைத்து மகளிடம் நீட்டினான். எவ்வளவு என்று கேட்டேன். "இதற்கெல்லாம் காசா அக்கா? தங்கச்சிக்கு என்னுடைய அன்பளிப்பு" என்றான். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். வேறு கடையில் விசாரிப்போம் என்ற பேச்சு அதோடு நின்றது.

அதன் பிறகுதான் திட்டத்தை அவிழ்த்தான். "நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கட்டுவது வீண் செலவு அக்கா. குடும்பத் திட்டம் இருக்கிறது. எட்டுப் பேர் வரை சேரலாம். நானே சேர்த்துவிடுகிறேன், ஒரு வருடத்துக்கு நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கேம்களையும் டிஜிட்டலாகப் போட்டுத் தருகிறேன். குடும்பத்துக்குள் பகிர்ந்துகொள்ளலாம்." எட்டுப் பேர் என்பது உண்மை. பகிரலாம் என்பதும் உண்மை. எந்தக் குடும்பம் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

குடும்பத் திட்டத்துக்கு 16,500 ரூபாய். கேம் ஒன்று 6,000 வீதம் ஐந்து கேமுக்கு 30,000. மொத்தம் 46,500. ஏன் கேம் இவ்வளவு மலிவு என்று தங்கை கேட்கத்தான் செய்தாள். கடைக் கணக்கில் மொத்தமாக எடுப்பதால் விலை குறைகிறதாம். பக்கத்தில் நின்ற ஒருவர் தானும் போன மாதம் இங்கேதான் போட்டதாகவும் நன்றாக ஓடுவதாகவும் சொன்னார். அந்த மனிதருக்கு இப்போது என்ன நிலையோ.

இரண்டு கன்சோல்களையும் ஒன்றாக வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டான். என் கைத்தொலைபேசிக்கு வந்த மின்னஞ்சல் அழைப்புகளை அவனே திறந்து, அவனே ஒப்புக்கொண்டான். பிள்ளைகளுக்கு அவனே கணக்குத் திறந்தான். நாங்கள் கீழே போய் பிளேன் டீயும் ரோல்ஸும் முடித்துவிட்டு வந்தபோது எல்லாம் தயார். எங்கள் கன்சோலில் மரியோ கார்ட், தங்கை வீட்டுக் கன்சோலில் மைன்கிராஃப்ட். மற்ற மூன்றும் எங்கே என்றேன். "எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் மெமரி தாங்காது அக்கா. பிள்ளைகள் இவற்றை விளையாடி முடித்ததும் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன்." பற்றுச்சீட்டையும் தந்தான். "சேர்விஸ் சார்ஜ் 46,500" என்று ஒரே ஒரு வரி. கேம் என்றும் இல்லை, மெம்பர்ஷிப் என்றும் இல்லை.

இரண்டு வாரம் வீட்டில் திருவிழா. விடியற்காலையில் எழும்பி ரொறன்ரோப் பிள்ளைகளோடு பந்தயம் ஓட்டினார்கள். பிறகு ஒரு மாலை, மரியோ கார்ட்டின் படம் திரையில் இருக்கிறது, தொட்டால் திறக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து தங்கை எடுத்தாள். அங்கேயும் அதே கதை.

அன்று தொடங்கியது சாக்குப்போக்கு. முதலில், நிண்டெண்டோவின் சர்வரில் கோளாறு, நாளைக்குச் சரியாகிவிடும். நாளைக்கு, "பிள்ளைகள் எதையாவது அழுத்தியிருப்பார்கள் அக்கா." பிறகு, முதலாளி கண்டிக்குப் போயிருக்கிறார், கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கிறது. பிறகு வட்ஸ்அப்பில் நீலக் கோடு இரண்டும் விழும், பதில் வராது. வேறு எண்ணிலிருந்து எடுத்தால் முதல் மணியிலேயே "ஹலோ, சொல்லுங்கள்" என்று தேன் ஒழுகும், என் குரல் கேட்டதும் சிக்னல் இல்லாமல் போய்விடும். மகளைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். அன்பளிப்புக் கொடுத்த அந்தத் தங்கச்சியைப் பார்த்தும் பார்க்காததுபோல் வேறு ஒருவருக்கு சார்ஜர் எடுத்துக் காட்டிக்கொண்டு நின்றான்.

என்ன நடந்தது என்பதைக் கடைசியில் விளக்கியது ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் மூத்தவன். வீடியோ அழைப்பில் என்னை ஒவ்வொரு இடமாகத் திறக்கச் சொன்னான். குடும்பக் குழுவின் பட்டியலைத் திறந்தேன். எட்டுப் பெயர்கள். நான்கு எங்கள் பிள்ளைகள். மூன்று பேர் யாரென்றே தெரியாது. எட்டாவது, நிர்வாகி, கடை. அதாவது கடைக்காரன் ஒரே ஒரு குடும்பச் சந்தாவை வாங்கி, அதிலுள்ள இடங்களைத் துண்டு துண்டாக விற்றிருக்கிறான். நிண்டெண்டோவின் சாதாரணக் குடும்பச் சந்தாவுக்கு அமெரிக்காவில் வருடம் 34.99 டொலர், நம் காசில் பத்தாயிரத்துச் சொச்சம். முழுக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. என்னிடம் பாதி இடத்துக்கே 16,500. மற்ற மூவரிடம் எவ்வளவு கறந்தானோ.

கேம் விஷயம் இதைவிட மோசம். 2025 ஏப்ரல் இறுதியில் நிண்டெண்டோ டிஜிட்டல் கேம்களுக்கு மெய்நிகர் கார்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. உங்கள் கணக்கில் வாங்கிய கேமை அதே குடும்பக் குழுவில் இருக்கும் ஒருவருக்கு இரவல் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு கன்சோல்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும் அது தானாகவே சொந்தக்காரரிடம் திரும்பிவிடும். கன்சோல்களைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டது ஏன், இரண்டு வீட்டிலும் ஒரே மாலையில் கேம் நின்றது ஏன் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. இரவல் கொடுத்துவிட்டு விற்பனைக் காசு வாங்கியிருக்கிறான்! நூலகப் புத்தகத்தை விலை பேசி விற்றுவிட்டு, தவணை முடிந்ததும் அலுமாரியில் திரும்ப அடுக்கிக்கொள்வதைப் போல. இப்போது அதே மரியோ கார்ட் வேறு எந்த வீட்டில் ஓடுகிறதோ. பிள்ளைகள் வென்ற கிண்ணங்கள் எல்லாம் எங்கள் கன்சோலில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றைத் திறக்கத்தான் கேம் இல்லை.

இன்னொன்றையும் மருமகன் கண்டுபிடித்தான். ஒன்பது வயது மகளின் கணக்கில் பிறந்த ஆண்டு 1999 என்று இருக்கிறது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் மேற்பார்வையில்தான் கணக்குத் திறக்கலாம். அந்த வேலை மிச்சம் என்று பிள்ளையைப் பெரியவளாக்கி, முகம் தெரியாத மூன்று பேரோடு ஒரே குழுவில் போட்டுவிட்டிருக்கிறான். காசைவிட இதுதான் என் வயிற்றை எரிக்கிறது.

"அத்தை, எங்கள் குழுவில் நான்கு இடம் சும்மாதானே கிடக்கிறது, கேட்டிருந்தால் சேர்த்திருப்போமே" என்றும் சொன்னான். கேட்கலாம் என்று எனக்கு யார் சொன்னது? அதைச் சொல்ல வேண்டியவன்தான் என்னிடம் 46,500 ரூபாய் வாங்கினான்.

நேற்று மாலை தங்கையையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்டியிலிருந்து திரும்பவே மாட்டார் என்று நினைத்த முதலாளி உள்ளேதான் இருந்தார். பட்டியலைக் காட்டினேன், இரவல் கதையைச் சொன்னேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பற்றுச்சீட்டை வாங்கி, விரலை அந்த ஒற்றை வரியின் மேல் வைத்தார். "மேடம், இதில் சேர்விஸ் சார்ஜ் என்றுதானே இருக்கிறது? சேர்விஸ் செய்து கொடுத்திருக்கிறோம். கேம் விற்றதாக எங்கே இருக்கிறது?" காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். வேண்டுமானால் இன்னும் 5,000 கட்டினால் மறுபடி போட்டுத் தருவார்களாம்! தங்கை குரலை உயர்த்தியதும், கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், வெளியே போய்ப் பேசுங்கள் என்றார். அந்தப் பையன் தலை நிமிரவில்லை.

நாங்கள் பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் நான்கு பிள்ளைகளின் கணக்குகளையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேம் போய், ஒரு வருடத்துக்கென்று கட்டிய மெம்பர்ஷிப்பும் போயிற்று. இப்போது 46,500 ரூபாய்க்கு எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு கண்ணாடித் தாள்.

முறையாகப் பகிர்வது எப்படி என்று விளக்குவதாகச் சொல்லியிருந்தேன். அதை ஆற அமர எழுதும் நிலையில் நான் இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும். குடும்பக் குழுவின் நிர்வாகி நீங்களாக இருக்க வேண்டும், அல்லது உங்கள் இரத்த உறவாக இருக்க வேண்டும். நிர்வாகி நினைத்தால் யாரையும் ஒரு நொடியில் நீக்கலாம். பரிசு அட்டை எண்ணை மட்டும் கடையில் வாங்குங்கள். அது உங்கள் கணக்கின் நாட்டுக்கு உரியதா என்று பாருங்கள், அமெரிக்க அட்டை அமெரிக்கக் கணக்கில்தான் ஏறும். எண்ணை நீங்களே போடுங்கள், கைத்தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். கேம் யார் கணக்கில் வாங்கப்படுகிறதோ அது அவருடையது, உங்கள் கன்சோலில் ஓடுவதால் உங்களுடையதாகிவிடாது. ஸ்விட்சுக்கான மரியோ கார்ட் 8 டீலக்ஸ் டிஜிட்டலில் 59.99 டொலர், அதை 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இவ்வளவு தலையிடி வேண்டாம் என்றால் கேமைக் கன்சோலில் செருகும் கார்டாகவே வாங்குங்கள். தங்கை வீட்டுக்குக் கையில் கொடுத்து அனுப்பலாம், இரண்டு வாரத்தில் ஓடிப்போகாது.

மெம்பர்ஷிப் நின்றாலும் கிளவுடில், அதாவது இணையத்தில், ஏற்றிச் சேமித்த விளையாட்டுப் பதிவுகளை நிண்டெண்டோ 180 நாள் வரை வைத்திருக்கும். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் பிள்ளைகள் அழுகிறார்கள் என்று கணக்கை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

பற்றுச்சீட்டில் வாங்கிய பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டோம் என்றால் காசை எடுக்காதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி எண் 1977. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் குழுவில் எங்களோடு இருந்த மூன்று பேரில் யாராவது இதைப் படித்தால் உடனே எனக்கு எழுதுங்கள், நான்கு பேராகக் கொடுத்தால் புகாருக்குப் பலம். பற்றுச்சீட்டைப் பிரதி எடுக்க வேண்டும், சந்திக் கடை பூட்டுவதற்கு முன் போகிறேன்.