ஹார்லெமா, வின்னிபெக்கா? பிரெஞ்சு ஒலிக்கும் இரண்டு பேட்டைகள்

கனடாவில் பிரெஞ்சு என்றதும் மான்ட்ரியலுக்கு டிக்கெட் எடுப்பதே வழக்கம். சமவெளி நடுவிலுள்ள வின்னிபெக் பலருக்கு நினைவில் வருவதில்லை. நியூயார்க்கின் ஹார்லெமும் அப்படித்தான். லண்டனின் சவுத் கென்சிங்டனையும் சிலர் சொல்வார்கள். பிரெஞ்சுப் பள்ளி, துணைத் தூதரகம், பேஸ்ட்ரி கடை என்று வசதியான பாரிஸ்காரர்களின் பேட்டை அது. அதில் எனக்கு வியப்பில்லை.

ஹார்லெமின் மேற்கு 116ஆவது தெருவுக்கு ‘லிட்டில் செனகல்’ என்று பெயர். செனகல்காரர்கள் தங்களுக்குள் பேசுவது பெரும்பாலும் வொலோஃப். ஐவரி கோஸ்ட், கினி நாட்டவரோடு பேசும்போது பிரெஞ்சு. சாப்பாட்டில் இதை மிஞ்ச முடியாது. செபுஜென் என்ற மீன் சோற்றை நொய்யரிசியில்தான் சமைக்கிறார்கள். இந்தோசீனாவிலிருந்து பிரெஞ்சு ஆட்சியாளர்கள் கப்பலேற்றி அனுப்பிய நொய்யால் செனகலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. தக்காளிச் சாற்றில் வெந்த சோறு, மேலே மீன், கேரட், மரவள்ளி. அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியே வைப்பார்கள், அதற்குப் போட்டி அதிகம். பிறகு காரமான கஃபே தூபா. நம் சுக்குக் காப்பிக்குத் தூரத்து உறவு.

வின்னிபெக்கின் சேன்ட் போனிஃபஸ் வேறு ரகம். நகர மையத்திலிருந்து ரியெல் நடைபாலத்தில் ரெட் ஆற்றைக் கடந்தால் தெருப்பெயர்கள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன. 1968இல் எரிந்த பேராலயத்தின் முகப்புச் சுவர் நிற்கிறது. வட்டச் சன்னல் இருந்த இடத்தில் இப்போது வானம் தெரிகிறது. பின்னால் சிறிய புதுக் கோயில்; முற்றத்தில் 1885இல் தூக்கிலிடப்பட்ட லூயி ரியெலின் கல்லறை. பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி மக்களின் தலைவர் அவர். 1890இல் வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணம் பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியைப் பறித்தது. 1916இல் இருமொழிக் கல்வியையும் ஒழித்தது. பள்ளி ஆய்வாளர் வந்தால் பிரெஞ்சுப் புத்தகங்களை ஒளித்து வைத்துப் பாடம் நடத்தினார்கள். 1890 சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல்.

குறையும் உண்டு. கடையில் ‘போன்ஜூர்’ கேட்கும். தயங்கினால் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். சாப்பாடும் ஹார்லெமுக்கு ஈடாகாது.

ஒரு மதியம்தான் இருக்கிறது, பசியும் இருக்கிறது என்றால் ஹார்லெம். ஆனால் என் ஓட்டு சேன்ட் போனிஃபஸுக்கு. ஹார்லெமில் பிரெஞ்சு பலமொழிக்காரர்களுக்குப் பொதுவான ஒரு வசதி. இங்கே வழக்காடி மீட்ட சொத்து. பிப்ரவரியில் வொயாஜர் திருவிழாவுக்குப் போனால் பனியில் ஊற்றிய மேப்பிள் பாகைக் குச்சியில் சுருட்டித் தருவார்கள். குளிர் மைனஸ் 30 வரை இறங்கும். தாங்காதவர்கள் ஜூலையில் போகலாம்.