89 டெசிபலில் ஓடும் வான்: எம்பி3கெய்ன் பாவித்துப் பார்த்தது

திருமலையிலிருந்து ஹயருக்கு வான் ஓடுகிறவன் நான். கதிர்காமம், நல்லூர், மடு, கட்டுநாயக்கா என்று மாதத்தில் பாதி இரவு றோட்டில்தான் கழியும். எனக்கு நித்திரை வராமல் இருக்கப் பாட்டு வேணும், பின்னால் இருக்கிற சனத்துக்கு நித்திரை வர வேணும். இந்த இழுபறிதான் என்னை, பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்துகிற எம்பி3கெய்ன் என்ற மென்பொருளிடம் கொண்டுபோய் விட்டது.

போன வருஷம் ஒரு நடுச்சாமம். கந்தளாய் தாண்டி ஹபறணைக் காட்டுப் பாதையில் போகிறோம். பென் ட்ரைவில் ஒரு பழைய சோகப்பாட்டு முனகுகிறது. எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, குமிழை 24 வரைக்கும் திருப்பினேன். அது முடிந்த கையோடு வந்தது ஒரு புதுக் குத்துப்பாட்டு. கைக்குழந்தை வீரிட்டுக் கத்த, கடைசிச் சீட்டு மாமி துடித்துப் பதைத்து எழும்பி, "தம்பி, ரயர் வெடிச்சிட்டுதே?" என்றா. கதிர்காமம் போய்ச் சேரும்வரை பாட்டே போடவில்லை.

திரும்பி வந்ததும் ரவுணில் ஒரு கடையில் பென்னைக் கொடுத்தேன். அந்தப் பெடியன் ஏதோ எடிட்டரில் போட்டு எல்லாவற்றையும் 'நோர்மலைஸ்' பண்ணித் தந்தான். காசும் போய் பாட்டும் கெட்டதுதான் மிச்சம். அவன் செய்தது ஒவ்வொரு பாட்டின் ஆக உச்சமான புள்ளியை ஒரே உயரத்துக்கு இழுத்த வேலை. பழைய பாட்டில் ஒரு தபேலா அடி மட்டும் உச்சத்தைத் தொடும், மற்றதெல்லாம் கீழேதான் கிடக்கும். புதுப்பாட்டை இறுக்கிப் பிழிந்து முழுவதையும் உச்சத்திலேயே வைத்திருப்பார்கள். உச்சம் இரண்டுக்கும் ஒன்று, காதுக்கு மட்டும் மலைக்கும் மடுவுக்கும். போதாததற்கு அதைத் திரும்ப எம்பி3 ஆக்கியதில் சிம்பல் சத்தமெல்லாம் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

எம்பி3கெய்ன் கிளென் சாயர் எழுதிய இலவச மென்பொருள். பார்க்க விண்டோஸ் 98 காலத்துச் சாமான் மாதிரி இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மச்சானின் பழைய லப்டொப்பில் போட்டு, ஃபோல்டரைச் சேர்த்து, 'ட்ராக் அனாலிசிஸ்' அமத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். 2,300 பாட்டு. படுக்கிற நேரமும் பாதிதான் முடிந்திருந்தது.

காலையில் பட்டியலைப் பார்த்தால் விஷயம் விளங்கியது. அந்தச் சோகப்பாட்டு 82.4 டெசிபல், குத்துப்பாட்டு 98.1. வித்தியாசம் கிட்டத்தட்ட 16 டெசிபல். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்றால், மாமி எழும்பாமல் என்ன செய்வா?

அளக்கிற விதந்தான் இதன் கெட்டித்தனம். 2001இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெய்ன் முறை அது. பாட்டை 50 மில்லிசெக்கன் துண்டுகளாக்கி, மனிதக் காதுக்கு எது கூட உறைக்கும் என்பதற்கேற்ப வடிகட்டி, துண்டு துண்டாக அளந்து, சத்தம் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, 95 வீதத்தில் நிற்கிற துண்டின் அளவைத்தான் அந்தப் பாட்டின் சத்தமாக எடுக்கிறது. அதனால் தொடக்கத்தில் இரண்டு நிமிஷம் மெல்ல ஆலாபனை இழுத்தாலும் ஏமாறாது, பிறகு வரும் பெரிய சத்தத்தை வைத்தே கணக்குப் பார்க்கும்.

மாற்றுகிற விதமும் பிடித்தது. பாட்டை உடைத்துத் திரும்ப எம்பி3 ஆக்குவதில்லை. எம்பி3 கோப்பு 'ஃப்ரேம்' என்கிற சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும், அவற்றில் சத்தத்துக்கென்று ஒரு எண் இருக்கும். இது அந்த எண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. தரம் குறைய வழியில்லை. எவ்வளவு மாற்றியது என்பதைக் கோப்புக்குள்ளேயே குறித்து வைப்பதால் வேண்டாமென்றால் பழையபடி ஆக்கலாம். ஒரேயொரு குறை, 1.5 டெசிபல் படிகளாகத்தான் ஏறி இறங்கும். வானுக்குள் அது யாருக்குத் தெரியப்போகிறது?

கொம்பியூட்டரில் மட்டும் கேட்பவருக்கு ஃபூபார்2000 என்கிற பாட்டுப் போடும் மென்பொருள் போதும். அது பாட்டைத் தொடாமல் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைக்கும், பாடுகிற நேரம் அதைப் பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்யும். என் வான் செற்றுக்கு அந்தக் குறிப்பெல்லாம் வாசிக்கத் தெரியாது.

நான் விட்ட பிழையையும் சொல்ல வேணும். எல்லாப் பாட்டையும் கொண்டுவந்து நிறுத்த எம்பி3கெய்ன் தானாக வைக்கிற இலக்கு 89 டெசிபல். டீசல் வானுக்கு அது காணாது என்று 92 போட்டேன். பழைய பாட்டுகள் வரிசையாகச் சிவப்பாகின. உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும் என்பதற்கான எச்சரிக்கை அது. திரும்ப 89க்கே இறக்கிவிட்டேன். சத்தம் காணாதென்றால் குமிழைத் திருப்புங்கோ, இலக்கை ஏத்தாதையுங்கோ. புதுப்பாட்டுகள் சில தொடாமலே சிவப்பில்தான் கிடந்தன. குறைத்தால் சத்தம் அடங்கும், ஸ்டூடியோவிலேயே பிழிபட்டது திரும்ப வராது.

நாதஸ்வரக் கச்சேரி ஃபோல்டருக்கு, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக இலக்குக்குக் கொண்டுவருகிற 'ட்ராக் கெய்ன்' போடக் கூடாது. முழு ஃபோல்டரையும் ஒரே அளவால் கூட்டிக் குறைக்கிற 'அல்பம் கெய்ன்'தான். இல்லாவிட்டால் ஆலாபனையும் தனித்தவிலும் ஒரே சத்தத்தில் வரும். கோயில் வீதியில் நின்று கேட்டவனுக்கு அது கச்சேரியே இல்லை.

வட்ஸ்அப்பில் வரும் எம்4ஏ கோப்புகளை இது தொடவே தொடாது. அதற்கு ஏஏசிகெய்ன் என்று வேறொன்று இருக்கிறது, நான் இன்னும் போடவில்லை. அவை வந்தால் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன்.

கடைசியாக அப்பாவின் கசற். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் அவர் ரேப் றெக்கோடரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பதிந்தது, பிறகு எம்பி3 ஆக்கி வைத்திருக்கிறோம். அதையும் 89க்கு ஏற்றினேன். தவிலோடு சேர்ந்து கசற்றின் இரைச்சலும் ஏறி, உப்புவெளிக் கரையில் கச்சான் காற்று அடிக்கிற மாதிரிக் கேட்டது. அந்த ஃபோல்டரை மட்டும் பழையபடி ஆக்கிவிட்டேன். அது வரும்போது அம்மா முன் சீட்டில் இருந்தால், என்னைக் கேட்காமல் தானே கையை நீட்டிக் குமிழைத் திருப்புவா.