கைடா, பேர் ஆக்டா, தீர்ப்பா? முதலாண்டு கான்ஸ்டிடியூஷனுக்கு எதை எடுப்பது

எங்கள் தெருத் தம்பி ஒருவனுக்கு இந்த வருஷம் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, கான்ஸ்டிடியூஷனுக்கு இன்னா புக்கு வாங்கறது? கிளாஸ்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க." திருவள்ளூர் லோக்கல் வந்துவிட்டது, பாதியில் ஏறிவிட்டேன். மீதிப் பதில் இது.

முதலில் கைடு. விலை குறைவு, கேள்வி பதில் வடிவம், பரீட்சைக்கு முந்தின வாரம் கை கொடுக்கும். முதல் இன்டர்னலுக்கு நான் அதை மட்டும்தான் படித்தேன். "14ஆம் பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் சமத்துவம் தருகிறது" என்று கைடில் இருந்ததை அப்படியே எழுதினேன். திரும்பி வந்த தாளில் 'குடிமக்கள்' என்ற சொல்லைச் சுற்றி சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மார்க் போனது.

அன்று சாயங்காலம்தான் பேர் ஆக்டை, அதாவது விளக்கம் எதுவும் இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் அச்சிட்ட புத்தகத்தை, திறந்தேன். 14இல் இருப்பது 'எனி பர்சன்', அதாவது எந்த நபருக்கும். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21இலும் நபர்தான். பாகுபாடு கூடாது என்கிற 15, அரசு வேலைக்கான 16, பேச்சுரிமை தரும் 19 மூன்றும் குடிமக்களைப் பற்றிப் பேசுகின்றன. நம்ம ஹார்பரில் வந்து இறங்கும் வெளிநாட்டுக் கப்பல்காரனைப் போலீஸ் பிடித்தால் அவனுக்கு 14 உண்டு, 21 உண்டு. பேச்சுரிமை கேட்டு 19க்குப் போக முடியாது. ஒரே ஒரு சொல்லில் இருக்கிற வித்தியாசம். கைடு எழுதியவர் அதை அவசரத்தில் விழுங்கிவிட்டார்.

பேர் ஆக்டுக்கும் ஒரு குறை உண்டு: என்ன சட்டம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. 15(4)ஐப் பாருங்கள். பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு சிறப்பு ஏற்பாடு செய்வதை "இந்தப் பிரிவோ, 29(2)ஓ தடுக்காது" என்கிறது. 15க்குள் 29 எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறது? எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் பேர் ஆக்ட் வாயைத் திறக்காது.

விடை சம்பகம் துரைராஜன் தீர்ப்பில் இருக்கிறது. 1951, உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது நம்ம ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ். அப்போது சாதி, மதவாரியாக இடம் பிரித்த கம்யூனல் ஜி.ஓ. (அரசாணை) படி கல்லூரியில் 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. சாதி, மதக் காரணத்துக்காக மட்டும் கல்லூரியில் இடம் மறுக்கக் கூடாது என்பது 29(2). வேலைக்கு 16(4) என்று விதிவிலக்கு இருக்கிறது, 29இல் அப்படி ஒன்றும் இல்லையே என்று கேட்டு ஜி.ஓ. செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு ஏப்ரலில், ஜூனிலேயே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து 15(4)ஐச் சேர்த்தது. கோர்ட் கை வைத்த இடம் 29(2) என்பதால் அதன் பேரைச் சொல்லியே கதவைத் திறந்தார்கள். வழக்குப் போட்ட சம்பகம் மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேஷனே போட்டிருக்கவில்லை என்கிற சங்கதியும் தீர்ப்பிலேயே இருக்கிறது. மொத்தமே பத்துப் பக்கம்கூட வராது. நான் பெரம்பூரில் ஆரம்பித்து ஆவடிக்குள் முடித்தேன், நின்றுகொண்டுதான்.

அதற்காக எல்லாத் தீர்ப்பையும் முழுசாகப் படிக்கிறேன் என்று கிளம்பிவிடக் கூடாது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி, 1973, 13 நீதிபதிகள், 7க்கு 6 என்று பிரிந்த தீர்ப்பு. முதலாண்டில் அதை முதல் பக்கத்திலிருந்து பிடித்தவன் யாரும் கரை சேர்ந்து நான் பார்த்ததில்லை. அங்கேதான் விளக்கத்தோடு வரும் தடிப்புத்தகம். 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் (அதுவும் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்தான்) 21ஐக் குறுக்கிப் படித்த கோர்ட், 1978இல் மேனகா காந்தி வழக்கில் எப்படி விரித்துப் படித்தது என்று இரண்டையும் கோர்த்துக் காட்ட அதால்தான் முடியும். ஆனால் விலையும் எடையும் அதிகம். எங்கள் வீடு மாதிரி ஒற்றை ரூமில் அதை விரித்து வைக்கவே இடம் கிடையாது. லைப்ரரியில் உட்கார்ந்து தேவையான அத்தியாயத்துக்கு நோட்ஸ் எடுத்தால் போதும்.

யூடியூப் வகுப்பு தூங்குவதற்கு முன் கேட்க நல்லது. அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் கூடுதல். ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிகிள்' என்பது ஒரு புத்தகத்தில் உறுப்பு, இன்னொன்றில் ஷரத்து, பேப்பரில் பிரிவு, எல்லாம் ஒன்றேதான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடைத்தாள் முழுக்க அதையே எழுதுங்கள்.

என் கணக்கு இது: பேர் ஆக்ட் தினமும் பையில் இருக்க வேண்டும். சின்னத் தீர்ப்பாக வாரத்துக்கு ஒன்று போதும். உச்ச நீதிமன்றத் தளத்தில் தீர்ப்புகள் இலவசம், சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. கைடை கடைசிப் பத்து நாள் தொட்டால் போதும், அதுவும் என்ன மாதிரிக் கேள்வி வருகிறது என்று தெரிந்துகொள்ள.

தம்பி, மூர் மார்க்கெட்டில் பழைய பேர் ஆக்ட் வாங்கினால் அட்டையில் இருக்கிற வருஷத்தை நம்பாதே. 15ஐத் திற. (6) இருக்கிறதா பார். அது பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்காக 2019இல் 103ஆவது திருத்தம் சேர்த்தது. அப்புறம் 330ஏ, 2023இல் பெண்கள் இடஒதுக்கீட்டுக்காக 106ஆவது திருத்தம் கொண்டுவந்தது. (6) இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வா. 330ஏ மட்டும் இல்லையென்றால் பேரம் பேசி வாங்கு, அந்தத் திருத்தத்தை நானே பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், உள்ளே ஒட்டிக்கொள்.