டோக்கியோ குளிருக்கு எந்தக் கையுறை?

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் விடிகாலை ஐந்தரைக்கு ஓடினாலே பனியனைப் பிழியலாம். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதுவே செய்தியாகிவிடும் ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு கையுறையைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் மார்ச் வந்தால் டோக்கியோ, சோல் என்று மாரத்தான் ஓட நம்மூரிலிருந்தும் ஆட்கள் கிளம்புகிறார்கள். காலுக்கு முந்நூறு வெள்ளியில் ஷூ வாங்குகிறவர்கள் கையைப் பற்றி யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

முதல் முறை போனபோது, குளிராடை விற்கும் ஒரு கடையில் "மைனஸ் பத்தையும் தாங்கும் சார்" என்றார்கள். பஞ்சு வைத்த பனிச்சறுக்குக் கையுறை. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் நின்றபோது சொர்க்கமாகத்தான் இருந்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் உள்ளங்கை வெந்தது. கழற்றினேன். வியர்வையில் நனைந்த கை மீது காற்று பட்டதும், கையுறையே போடாதவனைவிட எனக்கு அதிகமாக விறைத்தது. மீதி 37 கிலோமீட்டரும் அந்த இரண்டு மூட்டைகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன்.

தப்பு கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. குளிரில் உடம்பு தன் நடுப்பகுதியைத்தான் முதலில் காப்பாற்றும். விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ஓடி உடம்பு சூடேறியதும் அவை மறுபடி விரியும். ஆக, நிற்கும்போது தடித்த உறை கேட்ட அதே கை, அரைமணி நேரம் ஓடிய பிறகு மெல்லிய உறை கேட்கிறது. எந்த வகை நல்லது என்பதை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மெல்லிய பின்னல் கையுறை: எனக்கு முதலிடம் இதற்குத்தான். டெக்கத்லானில் ஓட்டத்துக்கென்றே கிடைக்கும்; யூனிக்லோவின் ஹீட்டெக் கையுறையும் ஆகும். சூடானால் கழற்றிக் கால்சட்டைப் பையில் திணித்துவிடலாம். போட்டபடியே போன் திரையைத் தடவலாம் என்கிறார்கள், ஆனால் விரல் ஈரமானால் என் போன் கண்டுகொள்வதில்லை. காற்று பலமாக அடித்தால் இதன் வழியே புகுந்துவிடும். பருத்தியில் மட்டும் வாங்காதீர்கள். நனைந்தால் ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்ட கதைதான்.

மெரினோ கம்பளி: விலை கூட. ஆனால் ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொள்வதால் நனைந்தும் ஓரளவு சூடு தரும். வீட்டில் இரண்டையும் நனைத்துப் பிழிந்து மாட்டி, ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் பொட்டலத்தைப் பிடித்துப் பார்த்தேன். பின்னல் கையில் ஒரு நிமிடத்துக்குள் விரல்நுனி வலித்தது. மெரினோ கை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியது. "மீனை வை, உருகுது" என்று அம்மா அதட்டியதில் சோதனை அத்தோடு முடிந்தது.

மிட்டன்: நான்கு விரலும் ஒரே பைக்குள், கட்டைவிரல் மட்டும் தனி. விரல்கள் ஒன்றோடொன்று சூட்டைப் பகிர்வதால் கதகதப்பில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது, ஷூ நாடாவையும் கட்ட முடியாது. பனி உறையும் ஊரில் வசித்தால் வாங்கலாம். மெல்லிய கையுறையின் மேல் காற்றுத் தடுப்பு மூடியை இழுத்துவிடும் கலப்பு வகை அதைவிட நமக்குப் பொருந்தும். குளிர் தாங்காதவர்களுக்கு அதையே சொல்வேன். குளிர் பட்டாலே விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்கள் கடைக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், ஜப்பானிய மருந்துக்கடைகளில் விற்கும் கைரோ, அதாவது கையைச் சூடேற்றும் சின்னப் பொட்டலம். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. காத்திருக்கும் நேரத்துக்குப் பிரமாதம். ஆனால் இறுக்கமான கையுறைக்குள் திணித்தால் காற்றில்லாமல் மந்தமாகிவிடும். சட்டைப்பையில் வைத்துக் கையைப் பையில் விடுங்கள்.

மழை வந்தால் இந்த வரிசையே மாறும். 2019 டோக்கியோ மாரத்தானில் கொட்டிய குளிர்மழையில், அப்போது ஜப்பானின் தேசியச் சாதனையைக் கையில் வைத்திருந்த சுகுரு ஒசாக்கோவே 29-ஆவது கிலோமீட்டர் வாக்கில் விலகிவிட்டார். மழையில் நான் நம்புவது மெரினோ, அதற்கு மேலே உணவுக்கடைக்காரர்கள் சோறு கட்டப் போடுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கையுறை. பார்க்க அசிங்கம். உள்ளே வியர்க்கவும் செய்யும். ஆனால் காற்றும் மழையும் தோலைத் தொடாது.

வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் இங்கேயே ஒருமுறை போட்டு ஓடி, ஜெல்லைக் கிழித்துப் பாருங்கள். பிடோக் நீர்த்தேக்கத்தில் நான் அப்படி ஓடியபோது கூட வந்த தம்பி கேட்டான்: "அண்ணே, கைரேகை விழக்கூடாதுன்னா? எங்கே கொள்ளை?"