மெஷ்லேப்: சிமுலேஷனுக்கு முன் மெஷ்ஷைக் குறைக்க

ஸ்கேன் செய்த பிராக்கெட் (தாங்கி) ஒன்றின் மெஷ், அதாவது அதன் மேற்பரப்பைக் காட்டும் முக்கோண வலை, 12 லட்சம் முக்கோணங்களோடு வந்தது, இலவசமாகக் கிடைக்கும் மெஷ்லேப் மென்பொருளில் குவாட்ரிக் எட்ஜ் கொலாப்ஸ் என்ற முக்கோணம் குறைக்கும் ஃபில்டரை ஓட்டி 60 ஆயிரத்துக்குக் கொண்டுவந்தேன், வடிவம் அப்படியே நின்றது. கார்லண்டும் ஹெக்பர்ட்டும் 1997-இல் வெளியிட்ட முறைதான்: எந்த விளிம்பைச் சுருக்கினால் மேற்பரப்பு குறைவாக விலகுமோ அதை முதலில் சுருக்கும், அதனால் தட்டையான இடங்கள் மளமளவென்று குறைகின்றன, வளைவுகளில் முக்கோணங்கள் தங்கிவிடுகின்றன. திறந்த ஓரம் இருந்தால் அதைக் காக்கும் பிரிசர்வ் பவுண்டரி என்ற தேர்வை டிக் செய்ய மறக்காதீர்கள்.

சின்னத் துளை, பொறித்த எழுத்தையெல்லாம் இது அடையாளம் கண்டு நீக்காது, பொருளை வடிவமைத்த மூல கேட் (CAD) கோப்பு கையில் இருந்தால் அங்கேயே எடுத்துவிடுங்கள். அப்புறம், சுமை தாங்கும் உள்மூலையில் இருக்கும் ஃபில்லெட்டை (மூலையை வளைவாக்கும் பகுதியை) தொடவே வேண்டாம். அது கூர்மையாகிவிட்டால் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க சிமுலேஷன் அங்கே காட்டும் ஸ்ட்ரெஸ் (தகைவு) ஏறிக்கொண்டேதான் போகும்.