கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் பத்துப் பருவங்கள்

காரைக்குடியில் விருந்தாளி வந்தால் கூட்டிப்போகும் இடங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான் அரண்மனை, அப்புறம் ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற இடம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை யாரும் சட்டென்று சொல்வதில்லை. போய் வந்தவர்களைக் கேட்டாலும், "போனோம், ஒன்றுமே இல்லை" என்பவர்கள்தான் அதிகம். நான் 2016 ஜனவரியில் முதன்முதலாகப் போனேன். அதன் பிறகு ஒரு பருவத்தைக்கூட விட்டதில்லை. வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது போய்விடுவேன். "ஒன்றுமே இல்லை" என்று கேட்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படகு, ஊஞ்சல், சிற்றுண்டிச் சாலை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது கண்மாய். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்ததுதான் சரணாலயம். 1977-ல் அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர். நம் பக்கம் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழை பெய்தால் ஓடும், நின்றால் மணல். அதனால் குடிக்க ஊருணி, விவசாயத்துக்குக் கண்மாய் என்று பெரியவர்கள் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். கரை, வயலுக்குத் தண்ணீர் விடும் மடை, மிஞ்சின தண்ணீர் வழிகிற கலுங்கு, கரைக்குக் கீழே வயல் என்று எல்லாமே எந்த ஊர்க் கண்மாயிலும் இருப்பதுதான். பறவைகள் வந்து தங்கியதால் இது சரணாலயம் ஆனது.

எனக்கு இந்த இடம் பிடிபட்டது பறவை நிறைந்த நாளில் இல்லை, காய்ந்து கிடந்த நாளில்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 பொங்கல் விடுமுறையில், முந்தின வருஷம் பார்த்த காட்சியை நினைத்துக்கொண்டு அப்பாவையும் மகளையும் கூட்டிப் போனேன். தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுக்க வெடித்துக் கிடந்தது. கருவேல மரத்தடியில் ஆடுகள் மேய்ந்தன. நாலு மடையான், ஒரு மீன்கொத்தி, அவ்வளவுதான். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, மரத்தடியில தண்ணி நின்னாத்தான் அதுக கூடு கட்டும். தண்ணி இல்லாட்டி நாயும் பூனையும் போயிருமில்ல? அதுகளுக்குத் தெரியும்."

பத்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. தண்ணீரில் மீனும் நத்தையும் கிடைக்கும், அது இரை. மரத்தைச் சுற்றி நிற்கிற தண்ணீர் காவல். இரண்டும் இருந்தால்தான் குஞ்சு பொரிக்க வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை பருவம் என்று பொதுவாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் நாள்காட்டியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கண்மாய் பெருகிவிட்டதா என்று யாரிடமாவது விசாரித்துவிட்டு, பெருகி ஒரு மாதம் கழித்துப் போங்கள். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு அப்படித்தான் போனோம். மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள்.

அதே பெரியவரிடம்தான் தீபாவளியைப் பற்றிக் கேட்டேன். கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் வெடி போடுவதில்லை என்று வருஷாவருஷம் செய்தியில் வரும். வனத்துறை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்பதும் வரும். பிள்ளைகள் கேட்டு அழாதா என்றேன். "பிள்ளை பெத்துக்கப் பொறந்த வீட்டுக்கு வந்திருக்குக. வாசல்ல வேட்டுப் போடுவோமா?" என்றார். எங்கள் தெருவில் தீபாவளிக்கு முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். அங்கே ஒரு தலைமுறை வெடிச் சத்தமே இல்லாமல் வளர்ந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களைக் கும்பிடத் தோன்றியது.

சரி, என்ன பார்க்கலாம்? நான் முதல் இரண்டு வருஷம் காலையில் மட்டும் போனேன். அப்புறம்தான் சாயங்காலத்தின் அருமை தெரிந்தது. நாலரை மணிக்குக் கரையில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்தேகால் வாக்கில் வயல் பக்கமிருந்து உண்ணிக்கொக்குகள் தாழப் பறந்து வரத் தொடங்கும். அப்புறம் நீர்க்காகங்கள், வெள்ளை அரிவாள் மூக்கன்கள் கோடு போட்டது போல. எல்லாம் வந்து இறங்கி, இடத்துக்குச் சண்டை போட்டு, சத்தம் உச்சத்துக்குப் போகும். வெளிச்சம் மங்கும் நேரத்தில், பகல் முழுக்க இலைக்குள் தூங்கிக் கிடந்த வக்காக்கள், அதாவது இராக்கொக்குகள், எதிர்த் திசையில் கிளம்பும். அதன் குரலே "வக்" என்றுதான் கேட்கும். ஒரு கூட்டம் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறது, இன்னொரு கூட்டம் ராத்திரி வேலைக்குப் போகிறது. இந்த அரைமணி நேரத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நத்தை குத்தி நாரையைப் பொறுமையாகப் பாருங்கள். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் இடைவெளி தெரியும், பாக்குவெட்டியை லேசாகத் திறந்து வைத்த மாதிரி. நத்தை ஓட்டை நொறுக்காமல் உள்ளே இருக்கும் சதையை அறுத்து எடுக்கிற வித்தை அதற்குத் தெரியும். என் மகள் எட்டு வயதில் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, குஞ்சுக்கு வாய் மூடித்தான் இருக்கு" என்றாள். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி: அந்த இடைவெளி வளர வளரத்தான் வருகிறது. நான் நாலு வருஷம் பார்த்தும் கவனிக்காத விஷயம். பாம்புத் தாரா, கரண்டிவாயன், சாம்பல் நாரை, மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் நல்ல வருஷத்தில் நிச்சயம். பாம்புத் தாரா இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்து நிற்கும். அதன் இறகு தண்ணீரில் நனைந்து ஊறிவிடும், அதனால்தான் அத்தனை லாகவமாக முங்குகிறது.

பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள். முதலில் 10×50 வாங்கினேன் (முதல் எண் எத்தனை மடங்கு காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்), பெரிதாகத் தெரியுமே என்று. கனம் தாங்காமல் கை நடுங்கி, பறவையும் சேர்ந்து நடுங்கியது. அதோடு ஈரத்தோடு பையில் போட்டு மூடிவைத்ததில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது ஆறு வருஷமாக 8×42. எட்டு மடங்குதான் காட்டும், ஆனால் படம் நிற்கும், பரப்பும் அதிகம். மங்கல் வெளிச்சத்திலும் கைகொடுக்கிறது. திரும்பி வந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வைத்துவிடுவேன். வேறு செலவு கிடையாது.

எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் கல்யாணப் படம் எடுக்கிற குழு ஒன்று வந்து, மரங்களுக்கு மேலே டிரோன் விட்டது. மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. படத்துக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தாய்ப் பறவை எழும்பினால் வெயில் நேரே குஞ்சின் மேல் விழும்; இறக்கையை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது அதுதானே. காகம் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும். என் கண் முன்னால் ஒரு காகம் முட்டையைத் தூக்கிப் போனது. நான் போய்ச் சொன்னேன், அவர்களும் நிறுத்தினார்கள், ஆனால் முட்டை போனது போனதுதான். கை தட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பது, பெயர் சொல்லிக் கத்துவது, சிவப்பும் மஞ்சளுமாக உடுத்திக்கொண்டு கரையோரம் நடப்பது, இதெல்லாமும் இதே தப்புதான். வெயில் ஏறிய பிறகு பத்தரை மணிக்கு வந்து, பத்து நிமிஷம் சத்தமாகச் சுற்றிவிட்டு "ஒன்றுமே இல்லை" என்பவர்களுக்கு ஒன்றும் தெரியாதது ஆச்சரியமில்லை.

போகிற வழி சுலபம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போய், மதுரைச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம். காரில் எங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. வரைபடத்தில் தேடும்போது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலூருக்கு அந்தப் பக்கம் அதே பெயரில் ஒரு மாவட்டமே இருக்கிறது. குடிதண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்தே. நாங்கள் புளிச்சோறும் சீப்புச் சீடையும் கட்டிப் போவோம், காகிதம் முதற்கொண்டு திரும்பக் கொண்டுவந்துவிடுவோம். வயதானவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொண்டால் நல்லது. என் அப்பா அது வந்த பிறகுதான் சாயங்காலம் முழுக்க உட்கார ஆரம்பித்தார்.

கூட்டம் அதிகமான நாளில் பெரிய கண்மாயில் முட்டிமோத வேண்டாம், வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்ப் பக்கம் போங்கள். போன ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக மகள் அங்கேதான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். சீழ்க்கைச் சிறகி என்கிற வாத்துகளை எண்ணி முடிப்பதற்குள் அவை இரண்டு தடவை இடம் மாறிவிட்டன. மூன்றாம் தடவை முதலிலிருந்து எண்ணினாள். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளுக்குத் துணையாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.