நான்கு ஆண்டுகளாகச் சொல் எண்ணுகிறேன்: பைத்தானும் தமிழ்க் கோப்புகளும்

நான் மெய்ப்புத் திருத்துபவன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறோம் என்பது எழுதியவர் கண்ணில் படாது. வாயால் சொன்னால் நம்பவும் மாட்டார். எண்ணிக் காட்டலாம் என்றுதான் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றேன். கோப்பைச் சுத்தம் செய்து, சொற்களை எண்ணி, படமாகப் போடும் என் நிரல் முதலில் இருபது வரி. இன்று நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. கூடிய வரிகள் எல்லாம் தமிழுக்காகச் சேர்ந்தவை.

ஆங்கிலத்துக்கு எழுதிய மாதிரி நிரலை ஒரு சிறுகதைத் தொகுப்பின் மேல் ஓட விட்டதுதான் ஆரம்பம். முதல் பத்து இடங்களில் பெரும்பாலும் 'க', 'ற', 'த' என்று ஒற்றை எழுத்துகள். பைத்தானோடு வரும், உரையில் எழுத்துத் தொடர்களைத் தேடிப் பிடிக்கும் ரெஜெக்ஸ் எதையெல்லாம் சொல்லின் எழுத்து என்று ஏற்கிறதோ, அந்தக் கூட்டத்தில் நம் புள்ளிக்கும் கொம்புக்கும் இடமில்லை. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒன்று உண்டு. அதற்குள் தொடர்ந்து வருவதை மட்டும் எடுக்கும்படி ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத அழுக்கு. 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும். ஆனால் 'ஔ' போட வேண்டிய இடத்தில் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்பவர்களிடம் அந்த மாற்றம் எடுபடாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும். யூனிகோடு முறையில் இல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. பிடிஎஃப் கொடுப்பவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிவிடுவேன், அதிலிருந்து உருவும்போது கொம்புகள் இடம் மாறி உயிரை வாங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஒற்று. 'அந்த' என்ற ஒரு சொல் பட்டியலில் 'அந்த', 'அந்தக்', 'அந்தச்', 'அந்தத்', 'அந்தப்' என்று ஐந்தாக நிற்கும். வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது என்று பள்ளியில் படித்த இலக்கணம் அப்போதுதான் காசுக்கு உதவியது. கடைசியில் வரும் க், ச், த், ப் நான்கையும் வெட்டச் சொன்னேன், ஐந்தும் ஒன்றாகின. இரண்டு நாள் பெருமையில் திரிந்தேன். மூன்றாம் நாள் ஒரு கட்டுரைத் தொகுப்பில் 'பேஸ்பு' என்றும் 'யூடியூ' என்றும் வந்து நின்றன. இப்போது வெட்டக்கூடாத சொற்களுக்குத் தனிக் கோப்பு வைத்திருக்கிறேன், அது வாராவாரம் வளர்கிறது.

வேற்றுமை உருபுகளை இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை. வீட்டில், வீட்டை, வீட்டுக்கு மூன்றையும் 'வீடு' கணக்கில் சேர்க்க சொல்லின் ஈற்றை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் ஸ்னோபால் கருவியின் தமிழ்ப் பிரிவை முயன்றேன். வேண்டாத இடத்திலும் கத்திரி வைப்பதால் கைவிட்டேன். முதல் இருநூறு சொற்களை நானே பார்த்துச் சேர்ப்பது வேகமாக முடிகிறது.

படத்துக்கு வருவோம். அதிகம் வந்த சொல்லைப் பெரிதாகப் போட்டு மேகம்போல் அடுக்கும் வேர்ட்கிளவுட் முதலில் வெறும் கட்டங்களைக் காட்டியது, தமிழ் எழுத்துருவின் பாதையைக் கொடுத்தபின் எழுத்து வந்தது. அதற்கும் உரையை நேராகக் கொடுத்தால் பழையபடி சொல்லை உடைத்துவிடும், எண்ணி முடித்த பட்டியலைத்தான் கொடுக்க வேண்டும். பார்க்க அழகுதான். ஆனால் நீளமான சொல் அதிக இடம் பிடிப்பதால் அதிகம் வந்ததுபோல் ஏமாற்றும், நம் சொற்களோ நீளத்துக்குப் பெயர் போனவை. இப்போது அட்டைப் படம் கேட்பவர்களுக்கு மட்டும் அதைப் போடுகிறேன். பட்டை வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் கருவியை எடுத்தேன். நான் வைத்திருந்த பதிப்பில் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றது. பிளாட்லி என்ற இன்னொரு கருவிக்கு மாறினேன். அது உலாவியில் திறப்பதால் எழுத்து ஒழுங்காக வருகிறது.

போன மாதம் ஒரு நாவலாசிரியருக்குப் பட்டையைக் காட்டினேன். 'ஒரு', 'என்று' போன்றவற்றை நீக்கியபின் உச்சியில் நின்றது 'மெல்ல', 214 முறை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "தம்பி, 'மெதுவாக'வையும் இதோடு சேர்த்து எண்ணினீங்களா?" என்றார். எண்ணவில்லை. அங்கேயே ஓட விட்டோம். அது தனியாக 61.